கடலரிப்புத் தடுப்பு: கல் கொட்டுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

எந்தக் குப்பத்தில் வீடு இடிந்ததோ அந்தக் குப்பத்துக்கு மட்டும் மதிப்பீடு போடுவதுதான் பெரிய தவறு. சென்னைக் கரையில் தெண்டி, அதாவது தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டம், அடிக்கும் மாதங்களில் மணல் வடக்கே போகிறது. வாடைக் காலத்தில் வன்னி, அதாவது வடக்கிலிருந்து தெற்கே வரும் நீரோட்டம், வந்து கொஞ்சம் திருப்பித் தருகிறது. மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் இந்த ஓட்டத்தை மறித்தது. மெரினா அகன்றது, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் உள்ளே வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவு தனியாக நின்றால், சிறிய அளவில் இதையே செய்யும்: தெற்கே மணல் சேரும், வடக்கு முனையில் அடுத்த குப்பம் அரிபடும். மணலை மறிக்கும் கட்டுமானங்களுக்கு இடைப்பட்ட கரை முழுவதையும் ஒரே அலகாக எடுத்தால்தான் திட்டம் நிற்கும்.

ஒரே ஒரு முறை அளந்துவிட்டு வரைபடம் போடுவதும் தவறு. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அளந்தால் கரை இளைத்திருக்கும். அதில் ஒரு பகுதி பிறகு தானே தேறும். இரு பருவத்திலும், கடலடி ஆழத்தோடு சேர்த்து அளக்க வேண்டும்.

பணத்தில் நடக்கும் குழப்பம் தனி. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான மத்தியப் பட்டியலில் புயல், வெள்ளம், சுனாமி உண்டு, கடலரிப்பு இல்லை. அரிப்புக்கென்று 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்குத் தணிப்பு நிதியில் 1,500 கோடி ரூபாயும், வீடிழந்தோரை மறுகுடியமர்த்த 1,000 கோடியும் பரிந்துரைத்தது. ஆற்றரிப்பும் சேர்த்து நாடு முழுமைக்குமான தொகை இது. சுவருக்கும் மறுகுடியமர்வுக்கும் நிதி வேறு வேறு; இரண்டையும் ஒரே கோப்பில் கேட்டால் கோப்பு அலைந்துகொண்டே இருக்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியை டெண்டருக்குப் பிறகு தேடுவதும் அப்படித்தான். அதற்கு 1:4,000 அளவில், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் உயர் ஓதக் கோட்டை (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லை) குறித்த வரைபடம் வேண்டும்.

களத்தில் அதிகம் ஏமாறுவது கல்லில். தாங்க வேண்டிய கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். அலை 1.5 மீட்டரிலிருந்து 2 மீட்டரானால் கல் சுமார் 2.4 மடங்கு கனமாக வேண்டும். லாரி மொத்த எடையை மட்டும் பார்த்துக் கணக்கை ஏற்றால் சிறு கற்கள் கலந்து வந்துவிடும். ஒற்றைக் கல்லை எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். அடியில் ஜியோடெக்ஸ்டைல் (நீரை விட்டு மணலைத் தடுக்கும் வடிதுணி) விரிக்காமல் கொட்டினால், அலை பின்வாங்கும்போது கல்லிடுக்கு வழியே மணல் உறிஞ்சப்பட்டு, சுவர் மெல்லப் புதையும். சுவரின் கடல் பக்க அடிக்காலைப் போதிய ஆழத்தில் பதிக்காவிட்டால் முதலில் சரிவது அதுதான்.

கல்தான் ஒரே வழி என்று நினைக்கவும் வேண்டாம். புதுச்சேரியில் 2018-ல் கடலடிச் செயற்கைத் திட்டு அமைத்து, மணலும் நிரப்பிக் கரையை மீட்டார்கள். எதைச் செய்தாலும் பராமரிப்புத் தொகையை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். வடக்கு முனையில் நிலையான குறிக்கல் நட்டு, ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அங்கிருந்து கடல்வரை நாடா பிடித்து அளக்கும் செலவும் அதில் இருக்கட்டும்.