கேம் புரோகிராமிங் படிப்பிலிருந்து வேலைக்கு: கல்லூரி நாட்களிலேயே செய்ய வேண்டியவை, படிப்படியாக

இரண்டாம் ஆண்டுக் கடைசியில் நான் எழுதிய பிளாட்ஃபார்மர் கேமை (மேடைக்கு மேடை தாவி ஏறும் வகை) மதிப்பீட்டுக்குக் கொடுத்தேன். வீட்டில் நூறு தடவையாவது விளையாடிப் பார்த்த கேம். மதிப்பீட்டாளரின் கணினியில் முதல் லெவலின் மூன்றாவது மேடை மீது ஏறவே முடியவில்லை. திரும்பத் திரும்பக் குதிக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் கேமின் பாத்திரம் மயிரிழையில் தவறி விழுந்தது. அதே நிரல் என் கணினியில் மட்டும் சரியாக ஓடியது.

அந்தப் பிழையின் வேரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பிறகு முதல் வேலைக்கான நேர்காணலில் பாதி நேரம் பேசியது அதைப் பற்றித்தான். அதனால் இந்தப் பதிவில் படி 4 மற்ற படிகளைவிட நீளம். மாறி, லூப், ஃபங்ஷன் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

கேமுக்கென்றே தனிப் பட்டப்படிப்பு புதிதல்ல. ஸ்காட்லாந்தின் அபர்டே பல்கலைக்கழகம் 1997-இலேயே ஒன்றைத் தொடங்கிவிட்டது. ஆனால் பட்டத்தின் பெயரில் ‘கேம்’ இருக்கிறதா என்பதற்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை. சி++, லீனியர் அல்ஜிப்ரா, தரவுக் கட்டமைப்புகள், கணினிக் கட்டமைப்பு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே கலைஞர்களோடும் டிசைனர்களோடும் சேர்ந்து செய்யும் குழு புராஜெக்ட் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணக் கணினி அறிவியல் பட்டத்தில் முதல் ஐந்தும் பெரும்பாலும் கிடைத்துவிடும். குழு புராஜெக்டை நீங்களே தேடிக்கொள்ளலாம். ஒரே என்ஜினின் (கேம் கட்ட உதவும் ஆயத்த மென்பொருள்) பட்டன்களை மூன்று வருடம் சொல்லித்தரும் படிப்பாக இருந்தால் யோசியுங்கள்.

படி 2: முதல் வருடம் என்ஜினைத் தொடாதீர்கள்

சி++ மட்டும் போதும். படம் வரைய, விசையை வாசிக்க ஒரு சின்ன லைப்ரரி வேண்டும். என் தேர்வு ரேலிப். பத்துப் பதினைந்து வரியில் திரையில் ஒரு வட்டம் ஓடும். எஸ்டிஎல் என்ற லைப்ரரி இன்னும் பரவலாகப் பயன்படுவது, அதற்குப் பின்னால் மாறலாம். பாங், பாம்பு, செங்கல் உடைப்பு என்று மூன்று சின்ன கேம்களை முழுதாக முடியுங்கள். முழுதாக என்றால் தொடக்கத் திரை, தோற்றால் மறுபடி ஆடும் வசதி, ஒலி எல்லாம் சேர்த்து.

இதே நேரத்தில் டீபக்கரையும் (நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) பழகுங்கள். எங்கே பார்த்தாலும் மதிப்பை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கத்திலேயே நான் ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். பிரேக்பாயிண்ட் (குறித்த வரியில் நிறுத்துவது), கால் ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்), வாட்ச் (மாறியின் மதிப்பைக் கவனிப்பது) மூன்றும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. அதோடு டேட்டா பிரேக்பாயிண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாறியின் மதிப்பை யாரோ எங்கிருந்தோ மாற்றுகிறார்கள், யாரென்று தெரியவில்லை என்ற நிலையில், அந்த நினைவக முகவரியில் யார் எழுதினாலும் நிறுத்து என்று சொல்லிவிடலாம். நாள் கணக்கில் தேடிய பிழை அந்த நொடியே கண்முன் நிற்கும். விண்டோஸில் இருப்பவர்களுக்கு விஷுவல் ஸ்டுடியோவின் டீபக்கரையே சிபாரிசு செய்வேன்.

படி 3: கணக்கைக் கேமுக்குள்ளேயே படியுங்கள்

வெக்டர் (திசையும் நீளமும் கொண்டது), மேட்ரிக்ஸ் (எண்களின் அட்டவணை), பிறகு குவாட்டர்னியன் (முப்பரிமாணச் சுழற்சியைக் குறிக்கும் நான்கு எண்கள்). இந்த வரிசை போதும். தேர்வுக்காகப் படித்த டாட் புராடக்ட் (இரண்டு வெக்டர்களைப் பெருக்கி ஒரே எண்ணாக்குவது) எனக்கு நிற்கவே இல்லை; ஒரு காவலாளிக்குக் கண் கொடுத்தபோதுதான் நின்றது. காவலாளி பார்க்கும் திசை ஒரு வெக்டர், அவனிடமிருந்து ஆட்டக்காரரை நோக்கிய திசை இன்னொரு வெக்டர். இரண்டின் நீளத்தையும் 1 ஆக்கிவிட்டு டாட் புராடக்ட் எடுத்தால், விடை 0.5-க்கு மேல் இருக்கும்போது ஆட்டக்காரர் 60 டிகிரிக்குள் இருக்கிறார். இரண்டு பக்கமும் சேர்த்து 120 டிகிரி பார்வை. கோணத்தைக் கணக்கிடவே தேவையில்லை. நீளத்தை 1 ஆக்க மறந்தால், கண்ணோரத்துக்கும் அப்பால் தூரத்தில் நிற்பவரைக் கூடக் காவலாளி பார்த்துவிடுவான். அந்தப் பிழையை ஒருமுறை செய்துவிடுங்கள், ஆயுளுக்கும் மறக்காது.

படி 4: கேம் லூப்பும் காலமும்

இங்கேதான் நான் விழுந்தேன்.

கேம் லூப் என்பது விசையை வாசி, உலகத்தை நகர்த்து, படம் வரை என்று திரும்பத் திரும்ப ஓடுவது. 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் மாறும்) திரையில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 16.67 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.94 தான். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று நகர்த்தினால் வேகமான கணினியில் எல்லாமே பறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கடந்த நேரத்தால், அதாவது டெல்டா டைமால், பெருக்கச் சொல்வார்கள். நானும் ஒரு இடம் விடாமல் பெருக்கியிருந்தேன். அதற்குப் பிறகும் மேடையில் ஏற முடியவில்லை.

காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. குதிக்கும் வேகம் நொடிக்கு 10 அலகு, ஈர்ப்பு 20. பள்ளி இயற்பியல்படி உச்ச உயரம் 2.5 அலகு. என் நிரலோ ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் உயரத்தைக் கூட்டுகிறது. வளைகோட்டைச் சின்னச் சின்னப் படிக்கட்டுகளாக வெட்டுகிறோம். படி பெரிதாக ஆக, உயரத்தில் அவ்வளவு பறிபோகிறது:

- நொடிக்கு 30 சுற்றில்: 2.333
- நொடிக்கு 60 சுற்றில்: 2.417
- நொடிக்கு 144 சுற்றில்: 2.465

நான் மேடையை வைத்திருந்த உயரம் 2.45. என்னிடம் இருந்தது 144 ஹெர்ட்ஸ் திரை. மதிப்பீட்டாளரிடம் 60.

டெல்டா டைமால் பெருக்கினால் சீரான வேகத்தில் போகும் பொருள் சரியாக நகரும். ஈர்ப்பு, ஸ்பிரிங், உராய்வு என்று வேகமே மாறும் இடத்தில், விடை ஃபிரேம் ரேட்டைப் (நொடிக்கு எத்தனை சுற்று என்பதை) பொறுத்து மாறிக்கொண்டேதான் இருக்கும்.

இதற்கு மருந்து, உலகத்தை எப்போதும் ஒரே அளவு காலத்துக்கு நகர்த்துவது. நான் இதை உண்டியல் என்று நினைத்துக்கொள்வேன். செய்முறை இப்படி:

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், போன சுற்றிலிருந்து கடந்த நேரத்தை உண்டியலில் போடுங்கள். உண்டியலில் 1/60 நொடியோ அதற்கு மேலோ இருக்கும்வரை, உலகத்தைச் சரியாக 1/60 நொடி நகர்த்தி, அந்த 1/60-ஐ உண்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதி இருக்கும் சில்லறை அடுத்த சுற்றுக்கு. இப்போது எந்தத் திரையானாலும் உயரம் 2.417 தான். மேடையை அதற்கேற்ப வைக்கலாம்.

இதோடு விட்டால் இரண்டு தொல்லை வரும். முதலாவது, அசைவு லேசாகத் திக்கும். சில சுற்றில் உலகம் நகர்கிறது, சில சுற்றில் நகர்வதில்லை அல்லவா? அதனால் பொருளின் முந்தைய இடம், இப்போதைய இடம் இரண்டையும் வைத்துக்கொண்டு, உண்டியலில் மீந்ததை 1/60 ஆல் வகுத்து, அந்த விகிதத்தில் இரண்டுக்கும் நடுவே வரையுங்கள். திரையில் தெரிவது ஒரு படிக்குள் பிந்தியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது ஆபத்தானது. உலகத்தை ஒரு படி நகர்த்தவே 1/60 நொடிக்கு மேல் ஆகிறது என்று வையுங்கள். அடுத்த சுற்றில் இரண்டு படி பாக்கி, அதற்கு அடுத்ததில் இன்னும் அதிகம். வட்டிக்கு வட்டி ஏறுவது போல ஏறி, கேம் உறைந்துவிடும். ஒரு சுற்றில் உண்டியலில் போடும் நேரத்துக்கு 0.25 நொடி போல ஒரு உச்சவரம்பு வையுங்கள். டீபக்கரில் நிறுத்திவிட்டுத் திரும்பும்போது கேம் தாறுமாறாக ஓடாமல் இருக்கவும் இதுவே உதவும்.

இன்னொன்று. ஓடிய மொத்த நேரத்தை 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண் வகை) நொடிகளாக வைக்காதீர்கள். 16384 நொடி, அதாவது நாலரை மணி நேரம் தாண்டியதும், அந்த எண்ணால் ஏறக்குறைய 2 மில்லிநொடிக்குக் குறைவான வித்தியாசத்தைக் காட்ட முடியாது. படிகளின் எண்ணிக்கையை முழு எண்ணாக வைத்துக்கொள்வதே நல்லது.

1993-இல் வந்த டூம் கேமிலேயே உலகம் நொடிக்கு 35 படி என்ற நிலையான கணக்கில்தான் ஓடியது. அதன் மூல நிரல் 1997-இல் பொதுவில் வெளியிடப்பட்டது. ஒரு விடுமுறை முழுக்க அதில் செலவழியுங்கள், வீண்போகாது.

படி 5: இப்போது என்ஜின்

படி 4-ஐக் கையால் செய்தவருக்கு என்ஜின் புதிராக இருக்காது. யூனிட்டி என்ஜினின் ஃபிக்ஸ்ட் அப்டேட் (இயற்பியலுக்கான ஃபங்ஷன்) இயல்பாக 0.02 நொடிக்கு ஒருமுறை ஓடும். கொடோ என்ஜினின் இயற்பியல் நொடிக்கு 60 படி. இரண்டும் நீங்கள் செய்த உண்டியல்தான்.

பெரிய ஸ்டுடியோக்களில் சி++ வேலை வேண்டுமென்றால் என் ஓட்டு அன்ரியலுக்கு. மூல நிரலைப் பிரித்துப் படித்துக் கற்க கொடோ. எம்ஐடி உரிமத்தில் முழுவதும் திறந்து கிடக்கிறது. எதை எடுத்தாலும் இரண்டு வருடம் அதிலேயே நில்லுங்கள். கிராஃபிக்ஸ் பக்கம் ஆர்வம் வந்தால் ரெண்டர்டாக் என்ற கருவியை வைத்து ஒரு ஃபிரேம் எப்படி வரையப்படுகிறது என்று படிப்படியாகப் பாருங்கள். இலவசம்தான்.

படி 6: குழுவோடு ஒரு கேம்

2002 முதல் நடக்கும் லுடும் டேர், 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாம் போன்ற கேம் ஜாம்களில் (குறுகிய காலத்தில் ஒரு கேமை முடிக்கும் நிகழ்வுகள்) இரண்டு மூன்று முறை கலந்துகொள்ளுங்கள். 48 மணி நேரத்தில் எதை வெட்டுவது என்று முடிவெடுக்கும் பயிற்சி வகுப்பில் கிடைக்காது. டிசைனர், பாத்திரம் குதிக்கும் உயரத்தை மாற்ற உங்களிடம் வந்து நிற்காமல், அவரே மாற்றிப் பார்க்க ஒரு சின்னக் கருவி எழுதிக் கொடுங்கள். ஸ்டுடியோக்களில் இப்படிக் கருவி எழுதுவதற்கென்றே புரோகிராமர்கள் இருக்கிறார்கள்.

கிட் (நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவி) கட்டாயம். படம், ஒலி, மாடல் கோப்புகளுக்கு முதல் நாளே கிட் எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளுக்கான நீட்சி) போட்டுவிடுங்கள்.

*பின்னர் சேர்த்தது:* 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் (கிட் நிரலை இணையத்தில் வைக்கும் தளம்) ஏற்காது, அழித்து மறுபடி கமிட் (மாற்றத்தைப் பதிவு) செய்தும் ஏற்கவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கிறது. புஷ் செய்யும்போது (கிட்ஹப்புக்கு அனுப்பும்போது) வரலாறு முழுவதும் போகிறது. வரலாற்றிலிருந்தே நீக்க வேண்டும், அதற்குக் கிட் ஃபில்டர் ரெப்போ என்ற கருவி உண்டு. தொடும் முன் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து வையுங்கள்.

படி 7: போர்ட்ஃபோலியோ

ஒரே ஒரு நல்ல கேம், ஒரு நிமிட வீடியோ, சுத்தமான மூல நிரல். வீடியோவின் முதல் ஐந்து நொடியில் லோகோ வேண்டாம், ஆட்டம் தெரியட்டும். குழு கேம் என்றால் நீங்கள் எழுதிய பகுதி எது என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். நீங்கள் திருத்திய மிகக் கடினமான பிழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள்: என்ன தெரிந்தது, எதைச் சந்தேகித்தீர்கள், எந்த எண் உண்மையைக் காட்டியது. என் பக்கத்தில் மேலே கண்ட மூன்று உயரங்கள்தான் இருந்தன.

படி 4-க்கு ஒரு திருத்தம்

உண்டியல் முறைக்கு மாறியதும், குதிக்கும் விசையை அழுத்தினால் சில சமயம் வேலை செய்யவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடையதும் 144 ஹெர்ட்ஸ் திரை. நொடிக்கு 144 சுற்றில் 60-இல் மட்டுமே உலகம் நகர்கிறது. மீதி 84 சுற்றில் விசையை வாசிக்கிறோம், ஆனால் அதைப் பயன்படுத்த ஒரு படிகூட ஓடுவதில்லை. ‘இந்தச் சுற்றில் அழுத்தப்பட்டதா’ என்ற தகவல் அடுத்த சுற்றில் அழிந்துவிடுகிறது. அழுத்தியதை ஒரு மாறியில் குறித்து வைத்து, உலகத்தை நகர்த்தும் படி அதை எடுத்துப் பயன்படுத்திய பிறகே அழியுங்கள். என் பழைய கேமைத் திறந்து பார்த்தேன், அதிலும் இதே ஓட்டை இருந்தது. நேற்று அடைத்துவிட்டேன்.