எமர்ஜென்சி ஏர் பிரேக்: தவறு எங்கே நடக்கிறது?

குழாயில் காற்றை அனுப்பினால் ரயில் பிரேக் பிடிக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். ரயில் நெடுக ஓடும் பிரேக் பைப்பில் சுமார் 5 பார் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் பிடிக்காது. அழுத்தம் இறங்கினால்தான் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள வால்வு, அந்தப் பெட்டியின் துணைத் தொட்டியில் சேமித்த காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திருப்பும். சாதாரண முழு பிரேக்குக்கு 1.5 பார் இறங்கினால் போதும். எமர்ஜென்சியில் பைப்பையே காலி செய்கிறோம்.

அதனால் பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆங்கிள் காக் (பிரேக் பைப்பை அடைக்கும் திருகு வால்வு) மூடிக்கிடப்பதைவிட ஆபத்து வேறில்லை. அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளை ஓட்டுநரால் பிடிக்க முடியாது. கேபினில் உள்ள அழுத்தமானியோ ஒழுங்காக 5 பார் காட்டும். அது பார்ப்பது முன்துண்டை மட்டும்தானே! பாரிஸின் கேர் து லியோன் நிலையத்தில் 1988 ஜூன் 27 அன்று நடந்தது இதுதான். பயணி ஒருவர் அபாயக் கைப்பிடியை இழுத்து, ரயில் வழியில் நின்றது. அதைச் சரிசெய்யப்போன ஓட்டுநர் தெரியாமல் ஓர் ஆங்கிள் காக்கை மூடிவிட்டார். பிரேக் விடவில்லை. குழாயில் காற்று அடைத்துக்கொண்டது என நினைத்து, பெட்டிகளின் காற்றைத் திறந்துவிட்டார். பிரேக் இல்லாமல் நிலையத்துக்குள் வந்த ரயில் மோதி 56 பேர் இறந்தனர். விடாத பிரேக்குக்குக் காரணம் தெரியாமல் காற்றை வெளியேற்றக் கூடாது. புறப்படுமுன் கடைசிப் பெட்டியில் அழுத்தம் இறங்கி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். முன்மானியை நம்பிப் பயனில்லை.

அப்புறம், இறக்கத்தில் பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஓட்டுவது. ஒவ்வொரு தடவையும் துணைத் தொட்டியில் காற்று குறையும். நீளமான சரக்கு ரயிலில் அது மறுபடி நிரம்ப நிமிடங்கள் ஆகும். எமர்ஜென்சிக்கென்று தனித் தொட்டி எல்லா வண்டியிலும் கிடையாது. அது இல்லாத வண்டியில், எமர்ஜென்சி போட்டாலும் மிச்சக் காற்றின் பலம்தான் கிடைக்கும்.

எமர்ஜென்சி போட்டபின், ரயில் நிற்குமுன் மனம் மாறி விடுவிப்பதும் தப்பு. முன்பகுதி விட்டு, பின்பகுதி பிடித்தபடி இருந்தால் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்துபோகலாம்.

கடைசியாக, காற்றை நம்பி ரயிலை நிறுத்திவைப்பது. கம்ப்ரஸர் நின்றால் காற்று கசியும். கனடாவின் லாக்-மெகான்டிக்கில் 2013 ஜூலை 6 அன்று, ஆளில்லாமல் நின்ற எண்ணெய் ரயில் அப்படித்தான் உருண்டோடி 47 பேரைக் கொன்றது. முந்தைய இரவு கைப்பிரேக் தாங்குமா என்று சோதித்திருந்தார்கள். ஆனால் அப்போது எஞ்சினின் ஏர் பிரேக்கை விடவே இல்லை; அதனால் கைப்பிரேக் மட்டும் தாங்குமா என்பது தெரியவில்லை.