கிட் உதவிப் பக்கத்தில் ஓர் ஆப்ஷனின் விளக்கத்தைத் தெளிவாக்கி அனுப்புவது எப்படி?

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட், திறமூல மென்பொருள். அதன் உதவிப் பக்கங்களும் மூலநிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன. ஓர் ஆப்ஷனின் விளக்கம் குழப்புகிறதென்றால் அதை நீங்களே திருத்தி அனுப்பலாம். சி மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. (கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

படி 1: ஒரே ஒரு ஆப்ஷனைப் பிடியுங்கள்

பழக, 'கிட் ஸ்டாஷ் -யூ' நல்ல உதாரணம். ஸ்டாஷ் என்பது முடிக்காத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் கட்டளை. அன்ட்ராக்டு கோப்புகளையும் (கிட் இன்னும் கண்காணிக்காதவை) சேர்த்து எடுத்துவைக்கும் என்கிறது '-யூ'வின் விளக்கம். கிட் கண்டுகொள்ள வேண்டாதவை என்று .கிட்இக்னோர் கோப்பில் பட்டியலிட்டவையும் அன்ட்ராக்டுதானே, அவையும் போய்விடுமா? புதிதாகக் கற்பவருக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம். போதாக்குறைக்கு, 'கிட் ஆட் -யூ' என்றால் ஏற்கெனவே ட்ராக் ஆகும் கோப்புகளை மட்டும் தொடும். 'கிட் புஷ் -யூ' என்றால் அப்ஸ்ட்ரீமை, அதாவது உங்கள் பிராஞ்ச்சுக்கு இணையான தொலைப் பிராஞ்ச்சை, அமைக்கும். ஒரே எழுத்துக்கு இத்தனை வேலை இருப்பதால், ஒரு கட்டளையின் அனுபவத்தை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. விளக்கம்தான் கைகொடுக்க வேண்டும்.

படி 2: எழுதுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. நினைவிலிருந்து எழுதிய விளக்கம் பழைய குழப்பத்தைப் புதிய குழப்பமாக மாற்றும், அவ்வளவுதான்.

காலி ஃபோல்டரில் 'கிட் இனிட்' கொடுங்கள். .கிட்இக்னோர் கோப்பில் *.லாக் என்று ஒரு வரி எழுதிக் கமிட் செய்யுங்கள் (மாற்றத்தைக் கிட்டில் பதிவுசெய்வதுதான் கமிட்). ஒரு கமிட்டாவது இல்லாவிட்டால் ஸ்டாஷ் வேலை செய்ய மறுக்கும். பிறகு குறிப்பு.டிஎக்ஸ்டி, பிழை.லாக் என்று இரண்டு கோப்புகளை உருவாக்கி, 'கிட் ஸ்டாஷ் -யூ' கொடுங்கள். குறிப்பு.டிஎக்ஸ்டி மறைந்திருக்கும், பிழை.லாக் அங்கேயே இருக்கும். 'கிட் ஸ்டாஷ் பாப்' கொடுத்து மீட்டுவிட்டு, இந்த முறை 'கிட் ஸ்டாஷ் -ஏ' (--ஆல் என்பதன் சுருக்கம்) கொடுத்துப் பாருங்கள்: இரண்டுமே மறைந்துவிடும். சந்தேகத்துக்கு விடை கிடைத்துவிட்டது, இனி எழுதலாம்.

படி 3: கோப்பைத் திறந்து திருத்துங்கள்

கிட் மூலநிரலை குளோன் செய்து (உங்கள் கணினிக்கு நகலெடுத்து), மாஸ்டர் என்ற முதன்மைக் கிளையிலிருந்து ஒரு புதிய பிராஞ்ச் (கிளை) எடுங்கள். டாக்குமென்டேஷன் ஃபோல்டரில் கிட்-ஸ்டாஷ்.அடாக் இருக்கும். (2025-இல்தான் இவை .டிஎக்ஸ்டி-யிலிருந்து .அடாக் ஆயின. பழைய வழிகாட்டிகளில் பழைய பெயரே இருக்கும்.) உள்ளே இருப்பது ஆஸ்கிடாக் என்ற எளிய உரைக் குறியீட்டு வடிவம்: ஆப்ஷனின் பெயருக்குப் பின் இரண்டு முக்காற்புள்ளிகள் (::), அதற்குக் கீழே விளக்கம்.

எப்படி எழுதுவது? 'கிட் கமிட் -ஏ' விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். மாறிய, நீக்கிய கோப்புகளைத் தானே ஸ்டேஜ் செய்யும் (அடுத்த கமிட்டில் சேர்க்கத் தயாராக்கும்) என்று சொல்வதோடு நில்லாமல், கிட்டிடம் இன்னும் சொல்லாத புதிய கோப்புகளை அது தொடாது என்றும் சொல்கிறது. என் பார்வையில் ஓர் ஆப்ஷன் எதைச் செய்யாது என்று சொல்லும் வாக்கியம்தான் பயனரை அதிகம் காப்பாற்றுகிறது. நம் உதாரணத்திலும் அதுவே போதும்: இக்னோர் ஆன கோப்புகளை இது தொடாது, அவையும் வேண்டுமென்றால் --ஆல் பயன்படுத்துங்கள் என்ற பொருளில் ஒரே ஓர் ஆங்கில வாக்கியம். அக்கம்பக்கத்து வரிகளை அழகுபடுத்தும் ஆசை வரும். அதை வேறொரு பேட்ச்சுக்கு (அனுப்பும் திருத்தத் தொகுப்புக்கு) வையுங்கள்.

பக்கத்தின் மேலே, கட்டளையின் வடிவத்தைச் சுருக்கமாகக் காட்டும் சினாப்சிஸ் பகுதியை மட்டும் யோசிக்காமல் தொடாதீர்கள். '-ஹெச்' கொடுத்தால் வரும் சுருக்க உதவியும் அதுவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு டெஸ்ட் உண்டு. ஒன்றை மாற்றினால் சி கோப்பில் உள்ள மற்றதையும் மாற்ற வேண்டும்.

படி 4: பக்கத்தை உருவாக்கிப் பாருங்கள்

உதவிப் பக்கத்தை உருவாக்கும் ஆஸ்கிடாக், எக்ஸ்எம்எல்டூ என்ற இரண்டு கருவிகளையும் நிறுவிக்கொண்டு, டாக்குமென்டேஷன் ஃபோல்டருக்குள் 'மேக் கிட்-ஸ்டாஷ்.1' கொடுங்கள். பிறகு 'மேன் ./கிட்-ஸ்டாஷ்.1'. உங்கள் வாக்கியம் சரியான ஆப்ஷனுக்குக் கீழே, சரியான பத்தியில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: கமிட் செய்து அனுப்புங்கள்

'கிட் கமிட் -எஸ்' கொடுத்தால் கையொப்ப வரி தானாகச் சேரும்; அது கட்டாயம். தலைப்பு வரியில் முதலில் பகுதியின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு சிறிய எழுத்தில் தொடங்கும் சுருக்கம். முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம். உடல் பகுதியில், இப்போதைய விளக்கம் படிப்பவரை எங்கே தடுமாற வைக்கிறது என்று எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பது டிஃப்பிலேயே (மாறிய வரிகளைக் காட்டும் பட்டியலிலேயே) தெரியும். ஏன் என்பதைத்தான் பரிசீலிப்பவர்கள் தேடுவார்கள்.

கிட் குழு பேட்ச்களை மின்னஞ்சலில்தான் பரிசீலிக்கிறது. அந்த வழி பழக்கமில்லையென்றால் கிட்கிட்கேட்ஜெட் என்ற தானியங்கி உதவும்: கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கக் கேட்கும் கோரிக்கை) திறந்து, கீழே '/சப்மிட்' என்று எழுதினால் அதுவே மின்னஞ்சலாக்கி அனுப்பிவிடும். முதல்முறை என்றால், ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒருவர் உங்களுக்காக '/அலவ்' கொடுக்க வேண்டும். திருத்தம் கேட்டுப் பதில் வந்தால் புதிய கமிட்டை மேலே அடுக்காதீர்கள். பழையதையே 'கிட் கமிட் --அமெண்ட்' மூலம் திருத்தி, ஃபோர்ஸ் புஷ் செய்து (பழைய கமிட்டின் மேல் புதியதை வலுக்கட்டாயமாக ஏற்றி), மறுபடி '/சப்மிட்' கொடுங்கள். அது இரண்டாம் பதிப்பாகப் போகும்.