எக்ஸ்பெரிமென்டல் படத்தை ஓட்டி ஓட்டிப் பாத்து நான் கோட்டை விட்டது

மைக்கேல் ஸ்னோ எடுத்த 'வேவ்லென்த்' (1967) 45 நிமிஷப் படம், நியூயார்க்ல ஒரு பெரிய மாடி ரூம், கேமரா ஒரு கோடியில இருந்து எதிர் சுவரைப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா ஜூம் ஆகுது, அவ்ளோதான். நான் அதை மொபைல்ல டபுள் ஸ்பீடுல ஓட்டினேன். நடுவுல ஒருத்தன் உள்ள வந்து தொப்புன்னு விழுறான், அப்பாடா கதை ஆரம்பிச்சிருச்சுன்னு நார்மல் ஸ்பீடுக்கு வந்தா ஜூம் பாட்டுக்கு அவனைத் தாண்டிப் போயிடுச்சு! சவுண்டும் போச்சு. அதுல ஒரு ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே போகும், அந்த அடி சத்தம் போன் ஸ்பீக்கர்ல வரவே வராது. நல்ல ஹெட்போன் போடுங்க.

ஸ்டான் பிராக்கேஜோட 'மாத்லைட்' (1963) நேர் எதிர். சத்தமே கிடையாது, அது தெரியாம நான் ஹெட்போனை மூணு தடவ கழட்டி மாட்டினேன். கேமராவே இல்லாம பூச்சி றெக்கை, இலை, புல்லு எல்லாத்தையும் டேப்ல ஒட்டிப் பண்ண படம், நாலு நிமிஷம் கூட வராது. நெட் ஸ்லோன்னு 240பி-ல வெச்சீங்கன்னா றெக்கை நரம்பு தெரியாது, கட்டம் கட்டமாத்தான் தெரியும்.

அப்புறம் ஒண்ணு, வலிப்பு இருக்கறவங்க டோனி கான்ராடோட 'தி ஃப்ளிக்கர்' (1966) பக்கம் போகவே வேணாம், கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி பளிச் பளிச்னு மின்னிக்கிட்டே இருக்கும், படத்தோட ஆரம்பத்துலயே எச்சரிக்கை போட்டிருப்பாங்க.

முன்னாடியே நாலு விமர்சனம் படிச்சிட்டு 'இதுக்கு என்ன அர்த்தம்'னு தேடறதும் வேஸ்ட். ஷான்டால் அகெர்மனோட 'ஜான் டீல்மான்' (1975) 201 நிமிஷம், ஒரு அம்மா மூணு நாள் வீட்டு வேலை பாக்கறா. நான் விமர்சனத்தை நம்பி படத்துல வர்ற முதல் நாளைத் தள்ளித் தள்ளிப் பாத்தேன், அப்புறம் ரெண்டாவது நாள் அவ பாத்திரத்தைக் கையில வெச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்கறப்போ எனக்கு ஒண்ணும் புரியல. அடுத்த வாரம் டிவில முதல்ல இருந்து போட்டேன், எங்கம்மா பக்கத்துல உக்காந்து அவரைக்காய் ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அதே சீன் வந்ததும் கை நின்னுடுச்சு. "கிழங்கை குழைய விட்டுட்டாடா, நேத்து எவ்ளோ கரெக்டா பண்ணா, இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னாங்க.