டாவி செய்யும்போது பேஸிங் லீடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடை ரத்தக்குழாய் வழியாகப் பெருந்தமனி வால்வை மாற்றும் டாவி சிகிச்சையில், கேத் லேபுக்கு (ரத்தக்குழாய் வழிச் சிகிச்சை செய்யும் அறைக்கு) புதிதாக வருபவர்களின் கண்ணெல்லாம் வால்வின் மேலேயே இருக்கும். இதயத்துக்கு மின்துடிப்பு தரும் மெல்லிய கம்பியான தற்காலிக பேஸிங் லீடு அவர்களுக்குச் சில்லறை வேலை. பேட்டரி பார்க்காதது, கேபிளை மாற்றிச் செருகியது எல்லாம் யாருக்கும் தெரிந்தவை, விட்டுவிடலாம்.

நுனியை அழுத்தித் தள்ளுவது

இன்றைக்கும் எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். கேப்சர் கிடைத்த பிறகும் (மின்துடிப்புக்கு இதயம் துடிக்கத் தொடங்கிய பிறகும்), "இன்னும் கொஞ்சம் உறுதியாக இருக்கட்டுமே" என்று லீடை வலது வென்ட்ரிக்கிளின் நுனிக்குள் தள்ளுகிறார்கள். நோயாளி எண்பது கடந்த மெலிந்த பாட்டியம்மா என்றால், அந்தச் சுவரின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். ரத்தத்தில் உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் வேறு. பலூன் இல்லாத விறைப்பான லீடு சுலபமாகக் குத்திக்கொண்டு வெளியே போய்விடும்.

பலூன் நுனி லீடையே எடுங்கள். வலது ஏட்ரியத்தில் பலூனை ஊதி, ட்ரைகஸ்பிட் வால்வைத் தாண்டியதும் காற்றை இறக்கி, நுனி சுவரைத் தொட்டதும் நிறுத்துங்கள். த்ரெஷோல்ட், அதாவது இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னோட்டம், 1 மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் போதும். ஏட்ரியத்தில் லேசான தளர்வு விட்டு, ஷீத்தையும் (லீடு நுழையும் குழாய்) லீடையும் தோலோடு சேர்த்துக் கட்டுங்கள்.

துளை விழுந்தது உடனே தெரியாமல் போகலாம். லீடே அதை அடைத்துக்கொண்டு நிற்கும். த்ரெஷோல்ட் திடீரென ஏறுவது, உதரவிதானம் துடிப்பது, பேஸிங் துடிப்பின் ஈசிஜி வடிவம் மாறுவது, திரையில் நுனி இதய நிழலுக்கு வெளியே தெரிவது: இவற்றில் எதைக் கண்டாலும் லீடை உருவாதீர்கள். முதலில் எக்கோ. பெரிகார்டியத்தில் (இதயத்தைச் சுற்றிய உறையில்) குழாய் போடத் தேவையானதும், ஹெப்பரினை முறிக்கும் புரோட்டமினும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அறுவைக் குழுவுக்கும் சொல்லிவிடுங்கள். வார்டில் லீடை உருவிய பிறகு பிரஷர் இறங்கினால், பலரும் தொடையில் ரத்தக்கசிவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கும்.

ஒத்திகை பார்க்காத வேக பேஸிங்

வால்வை விரிக்கும்போது இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து ரத்த அழுத்தத்தை இறக்குவோம். அதை நிமிடத்துக்கு 180 முதல் 200 வரை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். சிஸ்டாலிக் அழுத்தம் 60-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். வால்வு பலூன் விரியும் நொடியில் கேப்சர் தவறினால் வால்வு இடம் மாறிவிடும். அதனால் அவுட்புட்டை நன்றாக ஏற்றி, இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பார்க்காமல் ஓடும் அசின்க்ரனஸ் முறையில் வையுங்கள். முடிந்ததும் டிமாண்டுக்கு (தேவைப்படும்போது மட்டும் துடிப்பு தரும் முறைக்கு) திருப்ப மறப்பவர்களும் உண்டு!

ஈசிஜி நன்றாக இருக்கிறதென்று லீடை எடுப்பது

ஏற்கெனவே வலது பண்டில் பிளாக் (இதயத்தின் வலப்பக்க மின்பாதையில் அடைப்பு) உள்ளவருக்குக் கூடாது. மின்பாதையின் முழு அடைப்பு தாமதித்தும் வரும். குறைந்தது ஓர் இரவாவது லீடு இருக்கட்டும். கழுத்து வழியே வைத்தால் எழுந்து உட்காரவும் வசதி. வால்வைக் கொண்டுசெல்ல இடது வென்ட்ரிக்கிளில் வைக்கும் கைடுவயரை மட்டும் நம்பி பேஸ் செய்வது இவர்களுக்குச் சரிவராது, வயரை எடுத்ததும் பேஸிங்கும் போய்விடும்.

ட்ரைகஸ்பிட் வால்வும் பழைய லீடும்

ட்ரைகஸ்பிட் வால்வையும் இதேபோல் மாற்றுகிறோம் என்றால், அந்த வால்வுச் சட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நிரந்தர பேஸ்மேக்கர் லீடைப் பிறகு உருவுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதை விடுவதா எடுப்பதா என்பதை வால்வு வைக்குமுன் முடிவு செய்யுங்கள்.