கை தூக்கும் பயிற்சிக்கு ரோபோவைத் துணை சேர்க்கும் முறை

மூளை முடக்குவாதத்தால் கை தூக்கச் சிரமப்படும் குழந்தையிடம் ஒரே அசைவை இருபது முறை செய்யச் சொன்னால், ஐந்தாவது முறையிலேயே முகம் வாடிவிடும். அந்த இருபதையும் விளையாட்டாக்கித் தருவது மட்டுமே ரோபோவின் வேலை. சிகிச்சையளிப்பவர் இயன்முறை மருத்துவர்தான். ஆகவே தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ பயிற்சி மையம் நடத்துவோர், ரோபோவை எடுப்பதற்கு முன், குழந்தைக்கு இப்போது எந்த அசைவு வர வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சில் உருவான, 58 செ.மீ. உயரமுள்ள நாவோ என்னும் ரோபோவின் தலையிலும் கைகளிலும் தொடுஉணரிகள் உள்ளன. தலையைத் தொட்டால் பாடும்படி அமைத்து, தோளை உயர்த்தினால் மட்டுமே எட்டும் உயரத்தில், பலவீனமான கையின் பக்கமாக அதை உட்கார வைக்கலாம். ஆனால் அதன் மூன்று விரல்களும் ஒருசேரத்தான் மடங்கும் என்பதால், விரல்களைத் தனித்தனியே அசைக்கும் பயிற்சியை மருத்துவரே செய்துகாட்ட வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்துவது காத்திருப்பைத்தான். இறுக மூடிய கை மெல்லத் தளர்ந்து, முழங்கை நடுங்கியபடி எழும்ப ஆறேழு வினாடிகள் ஆகலாம். அதற்குள் ரோபோ அடுத்த கட்டளைக்குத் தாவிவிட்டால், அவ்வளவு பாடுபட்ட குழந்தை தான் தோற்றுவிட்டதாகவே எண்ணும். எனவே, அடுத்த கட்டத்துக்குத் தானாக நகரும்படி விடாமல், மருத்துவர் பொத்தானை அழுத்திய பிறகே நகரும்படி அமைக்க வேண்டும். "கையத் தூக்கு தங்கம்" என்று வீட்டில் பேசும் தமிழிலேயே குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிடுவது நல்லது.

கோரைப்பாயில் நடக்கவிட்டால் ரோபோ தடுமாறி விழக்கூடும். சமமான தரையே ஏற்றது. கத்திரி வெயிலில் அதன் மூட்டு மோட்டார்கள் விரைவில் சூடேறும் என்பதால் இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டும். வலிப்பு வரும் குழந்தையெனில் கண் விளக்குகள் மின்னாதபடி அணைத்துவிட்டு, நரம்பியல் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். பயப்படும் குழந்தைக்கு முதல் நாள் ரோபோவை இயக்காமலேயே தொட்டுப் பார்க்கக் கொடுங்கள்.

ரோபோ வாங்க வசதியில்லாத மையம் தயங்க வேண்டியதில்லை. தள்ளினால் சாய்ந்து, தானே நிமிரும் தஞ்சாவூர்ப் பொம்மையும் கை நீட்டியதற்கு உடனே பலனைக் காட்டுகிறது. அதைக் கொண்டே தொடங்கலாம்.

வாரம் ஒருமுறை ரோபோவை ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மா நீட்டும் தம்ளரை நோக்கி அதே கை எவ்வளவு உயர்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முன்னேற்றம் தெரியவில்லையெனில், குழந்தை ரோபோவிடம் எவ்வளவு சிரித்து விளையாடினாலும், பயிற்சியை மாற்றியமைக்க வேண்டும்.