இயங்குதளமும் வலையமைப்பும்: கற்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயங்குதளத்தை ஒரு பாடமாகவும் கணினி வலையமைப்பை அதனோடு தொடர்பற்ற வேறொரு பாடமாகவும் படிப்பதே தொடக்கநிலையில் நேரும் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். தரவை நம்பகமாகக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி வழியிலான இணைப்பில் தரவைத் துண்டுகளாகப் பிரிப்பதும், வழியில் தொலைந்தவற்றை மீண்டும் அனுப்புவதும், வந்த தரவு எந்த நிரலுக்கு உரியது என்பதைப் போர்ட் எண்ணைக் கொண்டு கண்டறிவதும் பொதுவாக இயங்குதளத்தின் கருவான கெர்னல் செய்யும் வேலைகள். 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யுனிக்ஸ் என்னும் இயங்குதளம், வலையமைப்பு இணைப்பையும் ஒரு கோப்பைப் போலவே படிக்கவும் எழுதவும் சாக்கெட் என்னும் வழியைத் தந்தது. லினக்ஸிலும் விண்டோஸிலும் இன்றுவரை நிரலர்கள் பயன்படுத்துவது அதன் வழிவந்த முறையையே.

இந்தத் தொடர்பு புரியாதபோது, இணையம் கிடைக்கவில்லை என்றவுடன் இயங்குதளத்தையே மறுபடி நிறுவும் அளவுக்குச் சிலர் போய்விடுகிறார்கள். முதலில், வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். அது 169.254 என்று தொடங்கினால், முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி முறையின் வழியாக முகவரி கிடைக்காததால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது கேபிளையும் ரூட்டரையும் கவனிப்பதே முறை. முகவரி சரியாக இருந்து, இணையத்தில் கூகுளுக்கு உரிய 8.8.8.8 என்ற முகவரிக்கு அனுப்பிய பிங்குக்கும் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்திக்கும்) பதில் வந்து, தளங்களைப் பெயரால் மட்டும் திறக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு, தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கும். ஆனால் பிங்குக்குப் பதில் வராத கணினி செயலிழந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. வந்துபோகும் தரவை வடிகட்டும் ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம்.

100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 100 மெகாபைட் இறங்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

மாணவர்களை மணிக்கணக்கில் அலைக்கழிக்கும் தவறு இன்னொன்று உண்டு. தாம் எழுதிய வலைச் சேவையகத்தை 127.0.0.1 என்ற முகவரியில் இயக்கிவிட்டு, அதே வைஃபையில் உள்ள நண்பரால் அதைத் திறக்க முடியவில்லை என்று ரூட்டரின் மீது பழி போடுகிறார்கள். 127.0.0.1 என்பது கணினி தன்னைத் தானே அழைக்கும் முகவரி. அதில் மட்டும் காத்திருக்கும் நிரலிடம் வெளியிலிருந்து வரும் கோரிக்கையைக் கெர்னல் ஒப்படைப்பதில்லை. கணினிக்கு வலையமைப்பு தந்த முகவரியிலோ, எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0-விலோ சேவையகத்தை இயக்கி, அந்தப் போர்ட்டை ஃபயர்வாலில் அனுமதித்தால் நண்பருக்குப் பக்கம் திறக்கும். அவ்வாறு திறந்தபின் அந்த வலையமைப்பில் உள்ள எவரும் அதை அணுக முடியும் என்பதால், சோதனை முடிந்ததும் சேவையகத்தை நிறுத்திவிட வேண்டும்.